அரங்கில் முடிவாகும் அர்த்தம்: செக் ரசிகர்களும் மறுவாசிப்பும்

1834 டிசம்பர் 21 அன்று பிராக் நகரின் எஸ்டேட்ஸ் அரங்கில் ‘ஃபிட்லோவாச்கா’ என்ற இசை நாடகம் மேடையேறியது. பிராக்கின் செருப்புத் தொழிலாளர்கள் வசந்த காலத்தில் கொண்டாடும் திருவிழாவைக் களமாகக் கொண்ட நகைச்சுவை அது. யோசெஃப் காயெட்டான் டில் எழுதியிருந்தார். ஃபிரான்டிஷெக் ஷ்க்ரோப் இசையமைத்திருந்தார். நாடகம் எடுபடவில்லை, சீக்கிரமே மறக்கப்பட்டது. கதையின் ஓரத்தில் வந்துபோகும் பார்வையற்ற பிடில்காரர் பாடிய ஒரு பாட்டை மட்டும் மக்கள் விடவில்லை. ‘என் வீடு எங்கே’ என்ற அந்தப் பாட்டு வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் பரவியது. 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது தேசிய கீதத்தின் முதல் பாதியானது. 1993 முதல் செக் குடியரசின் கீதம் அது மட்டுமே. இதையெல்லாம் பார்க்க இருவரும் உயிரோடு இல்லை. டில் 1856இல் இறந்தார். ஷ்க்ரோப் 1862இல், ராட்டர்டாமில் ஒரு ஜெர்மன் ஓபராக் குழுவின் நடத்துநராகப் பணியாற்றியபோது காலமானார்.

நாடகத்தைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டதும், ஒரு பாத்திரத்தின் ஏக்கத்தை ஒரு மக்கள் கூட்டத்தின் ஏக்கமாக மாற்றியதும் ரசிகர்கள்தான். படைப்பாளிக்கு இணையாக ரசிகரும் அர்த்தத்தைத் தீர்மானிக்கும் இந்தப் போக்கு எல்லா நாடுகளிலும் உண்டு. செக் வரலாற்றில் அது வழக்கத்தைவிட அடிக்கடியும் வெளிப்படையாகவும் நடந்திருக்கிறது. அரசியல் பேச இடமில்லாதபோது நாடகக் கொட்டகையும் கச்சேரி அரங்கும் புத்தகமும் அந்த வேலையைச் செய்தன. ஒரு படைப்பு எந்த நாளில், எந்த அரங்கில், யார் முன்னால் நிகழ்ந்தது என்பது அதில் எழுதியிருப்பதற்குச் சமமான எடை பெற்றது. இந்த மறுவாசிப்பு மரபு என்ன சாதித்தது, எதை விலையாகக் கொடுத்தது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளின் வழியே இக்கட்டுரை பார்க்கிறது.

பிராக்கில் பிறந்த ஒரு கோட்பாடு

இதைச் சிந்தித்துப் பார்க்கும் கருவிகளும் பிராக்கிலேயே உருவாயின. 1926இல் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த யான் முகார்ஷோவ்ஸ்கி, அழகியல் மதிப்பு என்பது சமூகம் சார்ந்தது என்று வாதிட்ட தம் நூலை 1936இல் வெளியிட்டார். அச்சிட்ட தாளும் வரைந்த துணியும் மாறாமல் இருக்கலாம்; அவற்றை வைத்து ஒரு சமூகத்தின் மனத்தில் உருவாகும் அழகியல் பொருள் காலத்துக்குக் காலம் மாறும் என்பது அவர் நிலைப்பாடு.

அவருடைய வழியில் வந்த ஃபெலிக்ஸ் வோடிச்கா, 19ஆம் நூற்றாண்டுச் செக் கவிஞர் யான் நெருடா வெவ்வேறு காலங்களில் எப்படி வரவேற்கப்பட்டார் என்று 1941இல் ஆராய்ந்தார். படைப்பிலுள்ள இடைவெளிகளை வாசகர் நிரப்புகிறார் என்று போலந்துத் தத்துவவாதி ரோமன் இன்கார்டன் முன்பே சொல்லியிருந்தார். அந்த நிரப்புதல் தனிமனிதரின் விருப்பம் மட்டுமன்று, அந்தந்தக் காலத்தின் இலக்கிய நெறிகளுக்கு உட்பட்டது. ஆகவே அதற்கு ஒரு வரலாறு எழுத முடியும் என்பது வோடிச்கா சேர்த்தது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967இல் முன்வைத்த வரவேற்புக் கோட்பாடு உலகப் புகழ் பெறுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்த அடித்தளம் போடப்பட்டுவிட்டது. வோடிச்கா எழுதிய காலத்தையும் கவனிக்க வேண்டும். 1939 நவம்பர் 17 அன்று நாஜி ஆட்சி செக் உயர்கல்வி நிறுவனங்களை மூடியிருந்தது. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்த நாட்களில்தான் வாசகரின் பங்கைப் பற்றிய இந்த ஆய்வு எழுதப்பட்டது.

முகார்ஷோவ்ஸ்கியின் பிற்கால வாழ்வு வேறு திசையில் போனது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், 1951இல் தம் அமைப்பியல் கருத்துகளைப் பகிரங்கமாகக் கைவிட்டார். ஒரு படைப்புக்குப் பல வாசிப்புகள் இருக்கலாம் என்ற எண்ணத்தை அன்றைய ஆட்சி எவ்வளவு சந்தேகத்துடன் பார்த்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அரங்கம் யாருடையது?

1834இல் பாட்டுப் பிறந்த எஸ்டேட்ஸ் அரங்கம் அடிப்படையில் ஜெர்மன் மொழி அரங்கம். ஹாப்ஸ்பர்க் பேரரசில் ஆட்சிக்கும் உயர்கல்விக்கும் ஜெர்மன். செக் மொழி நாடகங்களுக்கு ஞாயிறு, விடுமுறை நாட்களின் பிற்பகல்தான் கிடைத்தது. இதே அரங்கில்தான் 1787 அக்டோபர் 29 அன்று மோட்சார்ட்டின் ‘டான் ஜொவானி’ முதன்முறையாக நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வியன்னாவில் அளவான வரவேற்பைப் பெற்ற ‘ஃபிகாரோவின் திருமணம்’ பிராக்கில் பெருவெற்றி பெற்றது. 1787 ஜனவரியில் நேரில் வந்த மோட்சார்ட், ஊரே ஃபிகாரோவைப் பற்றி மட்டும் பேசுகிறது என்று நண்பருக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். புதிய ஓபராவை எழுதச் சொல்லும் அழைப்பு அந்த வெற்றியிலிருந்து பிறந்தது. 1791 டிசம்பரில் அவர் இறந்ததும் பிராக்கின் புனித நிகோலஸ் தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டுக்குச் சுமார் 4000 பேர் திரண்டனர். வியன்னாவைவிடத் தாங்களே அவரைச் சரியாகப் புரிந்துகொண்டோம் என்ற பெருமை பிராக் மக்களிடம் அன்றிலிருந்து ஊன்றிவிட்டது. ஓர் அன்னிய மொழிப் படைப்பாளியை நம்மவர் என்று சொந்தம் கொண்டாடுவதன் முதல் பெரிய எடுத்துக்காட்டு இது.

தங்களுக்கென்று அரங்கம் வேண்டும் என்ற கோரிக்கை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இயக்கமானது. பொதுமக்கள் நன்கொடையால் தேசிய நாடக அரங்கம் எழுந்தது. 1881 ஜூன் 11 அன்று பெட்ரிக் ஸ்மெதனாவின் ‘லிபுஷே’ ஓபராவுடன் திறந்தார்கள். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 12 அன்று, தீயில் எரிந்தது. மறுபடியும் பணம் திரட்டி 1883 நவம்பர் 18 அன்று மீண்டும் ‘லிபுஷே’யுடனேயே திறந்தார்கள். மக்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டது என்ற பொருளில் ஒரு வாசகத்தை மேடைக்கு மேலே பொறித்தார்கள். உண்மையில் பெரும் செல்வர்களும் அரச குடும்பமும்கூட நிதி கொடுத்திருந்தன. ஆனால் ஏழை எளியவர் சேர்த்த காசில் எழுந்த கட்டடம் என்ற கதைதான் நிலைத்தது. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தவர் தம்மை விருந்தாளியாக நினைக்கவில்லை, வீட்டுக்காரராகவே நினைத்தார்.

இந்த உரிமையுணர்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1920 நவம்பர் 16 அன்று செக் தேசியவாதக் கூட்டம், நடிகர்களும் சேர்ந்துகொள்ள, ஜெர்மன் குழுவிடமிருந்து எஸ்டேட்ஸ் அரங்கைப் பலவந்தமாகக் கைப்பற்றியது. குடியரசுத் தலைவர் மசாரிக் இந்தச் சட்டமீறலை ஏற்கவில்லை. அதன்பின் அந்த அரங்கில் அவர் கால் வைக்கவே இல்லை என்பார்கள். மோட்சார்ட்டை நம்மவர் என்று கொண்டாடிய நகரம், மோட்சார்ட்டின் மொழியில் நடித்தவர்களை அவருடைய அரங்கிலிருந்தே வெளியேற்றியது.

ஒரே இசை, பல அரங்குகள்

ஸ்மெதனாவின் ‘என் தாயகம்’ ஆறு பகுதிகள் கொண்ட இசைத் தொகுதி. 1874 முதல் 1879 வரை எழுதப்பட்டது. 1874இலேயே அவருக்குச் செவிப்புலன் போய்விட்டது. வல்டாவா நதியைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி உள்பட இதில் எதையும் அவர் காதால் கேட்டதில்லை. ஜெர்மன் மொழியிலேயே படித்து வளர்ந்தவர். செக் மொழியைச் சரளமாக எழுத நடுவயதில்தான் முயன்று கற்றார். அப்படிப்பட்டவரின் படைப்பு செக் தேசிய உணர்வின் உச்சமாகப் போற்றப்படுவது, தேசியம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கே ஒரு பாடம்.

இசையில் சொற்கள் இல்லை. இருந்தும் ஐந்தாம், ஆறாம் பகுதிகளான ‘தாபோர்’, ‘ப்லானிக்’ இரண்டிலும் செக் கேட்பவர் சொற்களைக் கேட்கிறார். காரணம், 15ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் வழிவந்த போராளிகள் பாடிய போர்ப்பாட்டு ஒன்றை ஸ்மெதனா இரண்டுக்கும் மூலப்பொருளாக்கியிருக்கிறார். ‘தாபோர்’ தொடங்கும்போது பாட்டு முழுதாக வருவதில்லை. கனத்த ஒரே சுரம் தட்டித் தட்டி நிற்கிறது. கொம்புகள் முதல் சில சுரங்களைச் சொல்லிவிட்டு நிறுத்துகின்றன. மீண்டும் அதே சுரங்கள், இன்னும் பலமாக. பாட்டு தெரிந்தவர் மீதியை மனத்துக்குள் பாடி முடிக்கிறார். ‘தாபோர்’ எந்த மெட்டில் முடிகிறதோ அதிலேயே ‘ப்லானிக்’ தொடங்குகிறது. நாட்டுக்குப் பெருந்துன்பம் நேரும்போது ப்லானிக் மலைக்குள் உறங்கும் வீரர்கள் எழுந்து வருவார்கள் என்பது செக் மக்களின் பழங்கதை. இறுதியில் போர்ப்பாட்டின் மெட்டும், முதல் பகுதியில் விஷெஹ்ராட் கோட்டைக்கு உரியதாக ஒலித்த மெட்டும் ஒன்றுகூடி வெற்றி முழக்கமாகின்றன. இன்கார்டன் சொன்ன இடைவெளியை ஸ்மெதனா இசைக்குறிப்பிலேயே விட்டு வைத்திருக்கிறார்.

1882 நவம்பர் 5 அன்று பிராக்கின் ஷோஃபின் தீவு அரங்கில் முழுத் தொகுதியும் முதன்முறை இசைக்கப்பட்டபோது அது மறுமலர்ச்சி பெற்ற ஒரு மொழியின் கொண்டாட்டம். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படைகள் பிராக்குக்குள் நுழைந்தன. மூன்று மாதம் கூட ஆகாத நிலையில், ஜூன் 5 அன்று தேசிய நாடக அரங்கில் வாட்ஸ்லாவ் தாலிக் செக் பில்ஹார்மோனிக் குழுவை வைத்து அதே தொகுதியை நடத்தினார். இசை முடிந்ததும் அரங்கில் இருந்தவர்கள் எழுந்து தேசிய கீதம் பாடினார்கள். கைதட்டலும் அந்தப் பாட்டும் சேர்ந்த ஒலிப்பதிவு பிழைத்திருக்கிறது, இசைத்தட்டாகவும் வெளிவந்திருக்கிறது. அன்று இசைக்குறிப்பில் ஒரு சுரமும் மாறவில்லை. அதன் முடிவைக் கூட்டம் தன் குரலால் நீட்டித்துக்கொண்டது.

1941 பிப்ரவரியில் அதே குழு, அதே தொகுதியைப் பெர்லினிலும் டிரெஸ்டனிலும் இசைத்தது. நாஜிப் பிரச்சார அமைச்சகத்தின் நெருக்குதலால் அமைந்த பயணம் அது. எதிரியின் தலைநகரில் ஹுஸ்ஸியப் போர்ப்பாட்டை முழங்கச் செய்த துணிச்சல் என்றும் சொல்லலாம். பண்பாட்டு நல்லுறவு என்ற நாஜிக் காட்சிக்குப் போன உடன்பாடு என்றும் சொல்லலாம். போர் முடிந்ததும் தாலிக் ஒத்துழைப்பாளர் என்று குற்றம்சாட்டப்பட்டுச் சில வாரங்கள் சிறையில் இருந்தார். அரங்கம் மாறியதும் அதே இசை அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது.

1948இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் ஆட்சியே ஸ்மெதனாவைச் சொந்தம் கொண்டாடியது. கம்யூனிஸ்ட் அமைச்சர் ஸ்டெனெக் நெயெட்லி ஸ்மெதனாவை ஆராய்ந்த இசையறிஞர். நாட்டின் முற்போக்கு மரபுக்குத் தம் கட்சியே வாரிசு என்று நிறுவ அவருக்கு ஸ்மெதனாவும் ஹுஸ்ஸியர்களும் உதவினார்கள். 1946இல் தொடங்கிய ‘பிராக் வசந்தம்’ இசை விழா, 1952 முதல் ஸ்மெதனாவின் நினைவு நாளான மே 12இல் ‘என் தாயகம்’ இசைத்துத் தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது. அரசு விழாவின் முன்வரிசையில் ஆட்சியாளர்கள். பின்வரிசையில் அதே இசையைத் தம் வழியில் கேட்டவர்கள். ப்லானிக் வீரர்கள் யாரை விரட்டப் புறப்பட்டார்கள் என்பதை இரு வரிசைகளும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தணிக்கை அதிகாரியால் பாட்டின் வரியை வெட்ட முடியும். வரியே இல்லாத இசையில் எதை வெட்டுவது?

1948இல் நாட்டைவிட்டு வெளியேறிய நடத்துநர் ரஃபாயெல் குபெலிக் 42 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து, 1990 மே 12 அன்று அதே தொகுதியை நடத்தினார். அன்றைக்கு அது ஒரு நாடு தன்னிடமே திரும்பி வந்ததன் அடையாளமாகக் கேட்கப்பட்டது. விழாவின் நாள், மேடை, இசை எல்லாம் பழைய ஆட்சி வகுத்தவை. அர்த்தத்தை மாற்ற நடத்துநரும் கேட்டவர்களும் போதுமாயிருந்தார்கள்.

1883இல் பிறந்த இருவர்

ஃபிரான்ஸ் காஃப்காவும் யாரொஸ்லாவ் ஹாஷெக்கும் ஒரே ஆண்டில் ஒரே நகரில் பிறந்தவர்கள். ஹாஷெக் 1923 ஜனவரியிலும் காஃப்கா 1924 ஜூனிலும் இறந்தார்கள். இருவரின் பெரும் நாவல்களும் முற்றுப்பெறாதவை. இருவருக்கும் தொடக்கத்திலேயே கைகொடுத்தவர் எழுத்தாளர் மாக்ஸ் பிராட்.

ஹாஷெக்கின் ‘நல்ல சிப்பாய் ஷ்வெய்க்’ 1921இல் மலிவான வாரப் பகுதிகளாக வந்தது. குடிக்கடைப் பேச்சும் கொச்சையும் நிறைந்த எழுத்து என்று முக்கிய விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள். கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியே அதைக் கேலிப்பொருளாக்கும் ஷ்வெய்க், ஆஸ்திரியப் பேரரசுக்கு எதிரானவர் என்ற அளவில் புதிய குடியரசுக்கு ஏற்றவராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் 1925இல் செக்கோஸ்லோவாக்கிய ராணுவமே தன் சிப்பாய்களுக்கு அந்த நூலைத் தடை செய்தது. 1933இல் நாஜிகள் அதைத் தீயிலிட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி ஹாஷெக்கை உழைக்கும் வர்க்க எழுத்தாளராகப் போற்றியது. 1956இல் ருடால்ஃப் ஹ்ருஷின்ஸ்கி நடித்த திரைப்படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் மறுநாள் தம் அலுவலகக் கட்டளைகளையும் ஷ்வெய்க்கின் பாணியில் நிறைவேற்றியிருக்கக்கூடும். ஷ்வெய்க் எதிர்ப்பின் நாயகனா, அல்லது எல்லா ஆட்சிக்கும் வளைந்துகொடுக்கும் கோழைத்தனத்துக்குச் சாக்கா என்ற சண்டை செக் அறிவுலகில் இன்றும் முடியவில்லை.

காஃப்காவின் கதை இதைவிடச் சிக்கலானது. அவர் ஜெர்மனில் எழுதிய யூதர். செக் மொழிபெயர்ப்பு அவர் உயிரோடிருந்தபோதே, 1920இல், தொடங்கியது. ஒரு கதையைச் செக்கில் தந்தவர் மிலெனா யெசென்ஸ்கா. ‘கோட்டை’ 1935இல் பாவெல் ஐஸ்னர் மொழிபெயர்ப்பில் வந்தது. ‘விசாரணை’ செக்கில் புத்தகமாக வர 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நாட்டில் நிஜ விசாரணைகள் நடந்து முடிந்திருந்தன. 1952இல் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி உள்பட 14 பேர் மீது போலிக் குற்றச்சாட்டில் வழக்கு நடந்தது. 11 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். காரணம் தெரியாமல் ஒரு காலையில் கைதாகும் யோசெஃப் கா.வின் கதையை 1958இல் திறந்த செக் வாசகருக்கு அது உருவகமாகத் தோன்றியிருக்காது.

1963 மே 27, 28 தேதிகளில் லிப்லிட்ஸே மாளிகையில் காஃப்கா மாநாடு கூடியது. முன்னின்று நடத்திய எதுவர்த் கோல்ட்ஷ்டூக்கர் கம்யூனிஸ்ட். 1951இல் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, 1955இல் விடுதலையானவர். முதலாளித்துவத்தில் மனிதன் அன்னியமாகிறான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சோஷலிசச் சமூகத்தில் அந்த அன்னியமாதல் முடிந்துவிட்டதா என்பதே விவாதமாயிற்று. கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் முடிந்துவிட்டது என்றார்கள்; காஃப்கா கடந்த காலத்துக்கு உரியவர் என்பது அவர்கள் தரப்பு. பிரான்ஸின் ரோஜே கரோடியும் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஃபிஷரும் காஃப்கா இன்றைக்கும் பேசுகிறார் என்றார்கள். இலக்கிய விவாதத்தின் போர்வையில் ஆட்சியைப் பற்றிய விவாதம் நடந்தது. அதே ஆண்டு காரெல் கோசிக் என்ற தத்துவவாதி ஹாஷெக்கையும் காஃப்காவையும் ஒரே விசித்திர உலகின் இரு பக்கங்களாகச் சேர்த்துப் பார்த்து எழுதினார். 1966இல் யான் கிராஸ்மன் ‘விசாரணை’யை நா ஸாப்ரட்லி அரங்கில் நாடகமாக்கினார். வாட்ஸ்லாவ் ஹாவெல் தம் முதல் நாடகங்களை அரங்கேற்றிய சிறிய கொட்டகை அது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்த பின், லிப்லிட்ஸே மாநாடுதான் எதிர்ப்புரட்சியின் தொடக்கப் புள்ளி என்று கிழக்கு ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. கோல்ட்ஷ்டூக்கர் இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது.

ஆக்கிரமித்தவரின் தேவதைக் கதை

எதிர்ப்பு ஒன்றே இந்த மறுவாசிப்பின் தொனி என்று எண்ணிவிட வேண்டாம். சோவியத் இயக்குநர் அலெக்சாண்டர் ரோ 1964இல் எடுத்த குழந்தைகள் படம் செக்கில் ‘ம்ராஸிக்’ என்ற பெயரில் டப்பிங் ஆனது. சிற்றன்னை கொடுமைக்கு ஆளான நாஸ்தென்காவைப் பனிக்காட்டில் விட்டுவிடுகிறார்கள். பனித் தாத்தா வந்து, குளிருகிறதா என்று கேட்கிறார்; பற்கள் கிட்டிக்க, உடல் நடுங்க, கதகதப்பாக இருக்கிறது என்று அவள் பணிவோடு பதில் சொல்கிறாள். குளிர் ஏற ஏறக் கேள்வி திரும்ப வருகிறது, பதில் மாறவில்லை. இன்னொரு புறம், தற்பெருமையில் திளைக்கும் இவானுக்குக் கரடித் தலை முளைக்கிறது. சூனியக்காரக் கிழவியாக நடித்தவர் கியோர்கி மில்யார் என்ற ஆண் நடிகர்.

இந்தப் படம் புத்தாண்டையொட்டி ஆண்டுதோறும் செக் தொலைக்காட்சியில் வருவது வழக்கமானது. 1968க்குப் பிறகும் வந்தது. 1989இல் ஆட்சி போன பிறகும் நிற்கவில்லை. பள்ளியில் கட்டாயமாகத் திணிக்கப்பட்ட ரஷ்ய மொழியை மறக்க விரும்பிய தலைமுறையே இந்த ரஷ்யப் படத்தை வசனம் மாறாமல் ஒப்பித்தது. பாதி பாசத்தோடும் பாதி கிண்டலோடும் பார்த்தது. நடுங்கிக்கொண்டே கதகதப்பாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணைக் கண்டு, எல்லாம் நலம் என்று கூட்டங்களில் கை உயர்த்திப் பழகிய பெரியவர்கள் எதை நினைத்துச் சிரித்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. குழந்தைகள் கதையாகவே பார்த்தார்கள். ஒரே சோபாவில் இரண்டு வாசிப்புகள் அருகருகே அமர்ந்திருந்தன.

இதில் டப்பிங்கின் பங்கு பெரிது. சோம்பேறிச் சகோதரி மார்ஃபுஷாவுக்குக் குரல் கொடுத்தவர் யிர்ஷினா போக்டலோவா, நாடறிந்த நகைச்சுவை நடிகை. அந்தக் குரல் வந்ததும் பாத்திரம் பக்கத்து வீட்டுக்காரியாகிவிட்டது. பிரெஞ்சு நடிகர் லூயி டி ஃபுனேஸ் செக் ரசிகர்களுக்கு ஃபிரான்டிஷெக் ஃபிலிபோவ்ஸ்கியின் குரலிலேயே பழக்கம். ஃபிலிபோவ்ஸ்கியின் பெயரில் அவர் பிறந்த ப்ரெலோச் ஊரில் 1995 முதல் டப்பிங் விருது வழங்குகிறார்கள். ‘சிம்ப்சன்ஸ்’ தொடரில் மார்ஜ் என்ற தாய்க்கு யிர்ஷி லாபுஸ் என்ற ஆண் நடிகர் குரல் கொடுத்தார். ரசிகர்கள் அதை மாற்றவே விடமாட்டார்கள் என்ற அளவுக்கு அது வேரூன்றியது. டப்பிங் என்றால் மூலத்துக்கு இழப்பு என்று கருதும் நாடுகள் உண்டு. செக் நாட்டில் அது நடிப்புக் கலையின் ஒரு துறை. அன்னியப் படைப்பு உள்ளூர்க் குடியுரிமை பெறும் வாசலும் அதுவே.

இல்லாத மேதை

1966இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் யாரா ட்ஸிம்ர்மன் என்ற பெயர் முதலில் கேட்டது. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, எல்லாவற்றையும் கண்டுபிடித்து, எதற்கும் பெயர் பெறாமல் மறைந்த செக் மேதை. முழுக்கக் கற்பனை. 1967 முதல் ஸ்டெனெக் ஸ்வெராக்கும் லாடிஸ்லாவ் ஸ்மோல்யாக்கும் அவர் பெயரில் அரங்கம் நடத்தினார்கள். முதல் பாதியில் ட்ஸிம்ர்மனைப் பற்றிய ‘ஆய்வுரைகள்’. இரண்டாம் பாதியில் அவர் எழுதியதாகச் சொல்லப்படும் நாடகம். ஆய்வுரையை வாசிப்பவர்கள் முகத்தில் சிரிப்பின் சாயலே இராது. ட்ஸிம்ர்மனின் மார்பளவுச் சிலையில் முகம் வழவழவென்று தேய்ந்து அடையாளம் தெரியாது.

இந்த விளையாட்டு ரசிகர் இல்லாமல் நடக்காது. பொய் என்று தெரிந்துகொண்டே உண்மை போல நடந்துகொள்ள அவர் சம்மதிக்க வேண்டும். அதிகாரபூர்வமான பொய்களை உண்மை போல ஏற்று நடிக்க வேண்டியிருந்த நாட்டில், தாமே விரும்பி ஒரு பொய்யை ஏற்று நடிப்பது பெரிய விடுதலையாக இருந்திருக்கும். 2005இல் செக் தொலைக்காட்சி ‘மாபெரும் செக்’ யார் என்று வாக்கெடுப்பு நடத்தியது. வாக்குகள் ட்ஸிம்ர்மனுக்குக் குவிந்தன. கற்பனை மனிதர் என்பதால் அவரை விலக்க நேர்ந்தது. பேரரசர் நான்காம் சார்லஸ் முதலிடம் பெற்றார். பிரிட்டனிலிருந்து வாங்கிய நிகழ்ச்சி வடிவத்தையே செக் ரசிகர்கள் தங்கள் நகைச்சுவையின் பகுதியாக்கிவிட்டார்கள்.

வரவும் செலவும்

1989 நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. மறுநாள் பிராக் நாடகக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அன்று மாலை கொட்டகைக்கு வந்தவர்களுக்கு நாடகம் இல்லை. மேடையிலிருந்து அறிக்கை வாசித்தார்கள், பிறகு பார்வையாளரோடு விவாதித்தார்கள். 19ஆம் தேதி எதிர்ப்பியக்கமான குடிமக்கள் மன்றம் உருவான இடமும் ஒரு நாடக அரங்கமே. வரிகளுக்கு இடையே கேட்டுப் பழகிய கூட்டம் நேரடியாகவே பேசத் தொடங்கியது. மறுவாசிப்பு மரபின் வரவுக் கணக்கில் இதைவிடப் பெரிய பதிவு இல்லை.

செலவுக் கணக்கும் சிறியதன்று. எல்லாப் படைப்பையும் நம் நிலைமைக்கான குறிப்பாக மட்டும் கேட்டுப் பழகிய செவிக்கு, படைப்பின் சொந்தக் குரல் தேய்ந்துபோகும். காஃப்காவை அதிகாரத்துவத்தின் கேலிச்சித்திரக்காரராகச் சுருக்கியதில் அவருடைய யூதச் சமயத் தேடலும், ஜெர்மன் உரைநடையின் தனித்தன்மையும் பின்னுக்குப் போயின. அவரை உருவாக்கிய இருமொழி, மூவினப் பிராக் அதற்குள் இல்லாமலே போய்விட்டது. யூதர்களை நாஜிகள் அழித்தார்கள். ஜெர்மானியர்கள் 1945க்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். மிச்சமிருந்த செக் பிராக் அவரை முதலில் மறைத்தது, பிறகு ஆயுதமாக்கியது. இன்று சுற்றுலாக் கடைகளில் கோப்பையிலும் பனியனிலும் அவர் முகத்தை விற்கிறது. ஸ்மெதனா விஷயத்திலும், தேசத்தின் குரல் என்ற ஒரே கோணம், அவர் இசையில் லிஸ்ட்டுக்கும் வாக்னருக்கும் உள்ள கடனை நெடுங்காலம் சங்கடமான பேச்சாக்கி வைத்திருந்தது.

ஆகவே ரசிகர் படைப்பை மாற்றினாரா என்று கேட்பதில் பயனில்லை. அவர் எப்போதும் மாற்றுகிறார். அந்த மாற்றம் அடுத்த வாசிப்புக்கு இடம் விட்டதா என்பதுதான் கேள்வி. கிராஸ்மனின் ‘விசாரணை’க்குப் பின்னும் வேறொரு ‘விசாரணை’ சாத்தியமாக இருந்தது. ட்ஸிம்ர்மன் ஆய்வுரைகள் எந்த ஆய்வுரையையும் அப்படியே நம்பாதே என்று பழக்கின. ‘ம்ராஸிக்’ பார்த்த பெரியவரின் சிரிப்பு குழந்தையின் வியப்பைக் கெடுக்கவில்லை. மாறாக, 1920இன் கூட்டமும் 1950களின் அமைச்சரும் தங்கள் வாசிப்பே கடைசி வாசிப்பாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். இரு தரப்பிலும் அதே மக்கள், அதே படைப்புகள், அதே அரங்குகள். செக் ரசிகர்களின் கூர்மையைப் பாராட்டி எழுதும் பண்பாட்டு வரலாறு இந்த இரண்டாம் தரப்பையும் அதே கணக்கில் எழுதினால்தான் நேர்மையானதாகும்.